சிவகாமி ஆச்சி குதிரைக்குப் போட்ட இலை

காசிம் ராவுத்தர் காலையில் எங்கள் திருமயம் மாட்டாஸ்பத்திரி வாசலில் வந்து நின்றதும், "குதிரைக்கு என்ன?" என்றுதான் கேட்டேன். அரிமளத்தில் சிவகாமி ஆச்சி வீட்டில் வண்டி ஓட்டுகிற அவர் என்னைத் தேடி வருவதெல்லாம் குதிரைக்காகத்தான். "குதிரை நல்லாத்தான் இருக்கு, டாக்டர். ஆச்சிதான் போயிட்டாக" என்றார். கையிலிருந்த மருந்துப் புட்டியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சிவகாமி ஆச்சியை அறிந்தவர்களுக்கு அவர் பரிமாறும் கை தெரியும். ஒரு கன்றுக்கு ஊசி போடப் போன முதல் நாளே என்னை இலைமுன் உட்கார்த்திவிட்டார். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் கையின்மேலேயே சோறு விழும். "சாப்பிடாமப் போனா ஊசி பலிக்காது, டாக்டர்" என்பார். அந்தக் கணக்குப்படி அரிமளத்தில் நான் போட்ட ஊசி அத்தனையும் பலித்திருக்க வேண்டும். என் சட்டைகளைத்தான் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

அவர் கணவர் முத்தையா பர்மாவில் கடை வைத்திருந்தார். ரங்கூனில் குண்டு விழுந்து, அங்கிருந்த நம் ஆட்கள் காட்டுவழியாக நடந்து வரத் தொடங்கிய சமயத்தில் அவருடைய கடிதம் நின்றுபோயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் வரவில்லை. ஆச்சி யாரிடமும் அழுது புலம்பவில்லை. தினமும் மத்தியானம் கணவருக்கு ஓர் இலை போட்டு, அவர் உட்கார்ந்திருப்பதுபோலவே பரிமாறினார். அந்தச் சோற்றைக் காக்கைக்கு வைத்தால் செத்துப்போனவருக்கு வைத்ததாகிவிடும். வேறு ஆளுக்குக் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. முத்தையா ஆசைப்பட்டு வாங்கிய செவலைக் குதிரை கொட்டகையில் நின்றது. ஆச்சி இலையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் வைத்தார்.

நெய்ச்சோறு, வெள்ளைப் பணியாரம், பாயசம் எல்லாம் குதிரைக்குப் போயின. நாளாக ஆக இலையும் பெரிதாயிற்று. வண்டி பூட்டுகிற வேலையும் அப்போது அதிகம் இல்லை. ராவுத்தர் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்து, ஆச்சி கேட்கமாட்டார் என்று தெரிந்ததும் என்னைக் கூட்டிப் போனார். எதற்காக அந்தச் சோறு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நான் போனபோது குதிரை முன்னங்கால்களை ஊன்ற மாட்டாமல் உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் சுட்டது. ஒவ்வாத தீனியால் வருகிற நோய் அது. முற்றினால் குதிரை படுத்துவிடும், பிறகு எழாது. "இந்தச் சோறு குதிரையக் கொன்னுரும், ஆச்சி. இன்னையோட நிறுத்திருங்க" என்றேன்.

ஆச்சிக்குப் பின்னால் முத்தையாவின் அண்ணன் நின்றிருந்தார். ஊரே அரிசிக்கு அலைந்த காலம். அவருக்கும் அந்த இலை உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். "நானும் அதத்தான் சொல்றேன். இனிமே காக்காய்க்கு வச்சுர வேண்டியதுதான்" என்றார். ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். எதை நிறுத்தச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆச்சி மைத்துனர் பக்கம் திரும்பவே இல்லை. "நிறுத்தச் சொல்லாதீக, டாக்டர். அது என்ன திங்கலாமோ அதச் சொல்லுங்க. அத இலையில போடுறேன்" என்றார்.

குளம்புச் சூடு ஆறும்வரை காய்ந்த புல்லும் தண்ணீரும்தான், ஊருணிச் சேற்றில் காலை வைத்து நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் போனபோது கூடத்தில் தலைவாழை இலை கிடந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர். இலையில், சோறு இருக்க வேண்டிய இடத்தில், தூசி தட்டிய காய்ந்த புல் ஒரு பிடி. சிரிப்பு வரவேண்டிய காட்சி, எனக்கு வரவில்லை. ஆச்சி சற்று நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, புல்லை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

குதிரை தேறியது. அதன்பிறகு ஆச்சியைப்போலக் குதிரையைக் கவனித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. விடிந்ததும் நான்கு குளம்பையும் தொட்டுப் பார்ப்பார். சாணம் இளகியிருந்தால் ராவுத்தரைக் கூப்பிட்டு நேற்று என்ன தின்றது என்று விசாரிப்பார். அறுகம்புல்லை அலசி, நீர் வடித்துத்தான் போடுவார். முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. வண்டி ஓடிவந்த சூட்டில் தொட்டியண்டை விடமாட்டார். "வேர்வை அடங்கட்டும், ராவுத்தரே. அதுக்கு வாயா இருக்கு சொல்றதுக்கு?" என்பார். மத்தியான இலையில் கல் பொறுக்கி அவித்த கொள்ளு ஒரு கை, ஓரத்தில் உப்பு. மிதமாகப் போடும் பழக்கம் வந்ததில் எனக்குத்தான் நஷ்டம். இரண்டாம் தடவை நெய் அதோடு போயிற்று.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து, ஒரு மத்தியானம் முத்தையா வந்து சேர்ந்தார். காய்ச்சலில் விழுந்து, வழியில் ஏதோ ஒரு பர்மாக்காரர் வீட்டில் கிடந்து பிழைத்தவர். நான் அன்று அங்கே இல்லை, ராவுத்தர் சொல்லித்தான் தெரியும். உள்ளே வந்தவர் கூடத்தில் இலை கிடப்பதைப் பார்த்துக் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அடுப்படியிலிருந்து வந்த ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முதலில் வாயில் வந்த வார்த்தை, "அது செவலைக்கு வச்சதுங்க" என்பதுதான்.

"எனக்குப் போட்ட இலைதானே" என்று முத்தையா அந்த அவித்த கொள்ளு முழுவதையும் தின்று முடித்தாராம். "குதிரைக்கு அன்னிக்குக் கொள்ளு போடவே மறந்துட்டாக, டாக்டர்" என்றுதான் ராவுத்தர் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லி முடிப்பார்.

துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கொட்டகையில் செவலை மினுமினுப்பாக நின்றது. குளம்பைத் தொட்டேன், குளிர்ச்சியாக இருந்தது. முத்தையா என்னருகே வந்தார். "படைக்கணும்ங்கிறாக, டாக்டர். அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியல. ராவுத்தரக் கேட்டேன், அவருக்கும் தெரியல. குதிரைக்கு என்ன புடிக்கும்னு எல்லாரும் சொல்றாக" என்றார். அத்தனை நாள் அந்தக் கையால் சாப்பிட்ட எனக்கும் தெரியவில்லை.

ஆச்சியிடமிருந்து தொழிலுக்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் கொட்டகையிலும் ஒரு தீனியை நிறுத்தச் சொல்வதற்குமுன், அது யாரை நினைத்து வைக்கப்படுகிறது என்று விசாரித்துக்கொள்கிறேன். அது என்னோடு இருக்கும். முத்தையா கேட்டதுதான் பாக்கி. இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் ஆச்சி வீட்டில் சாப்பிட்டவர்கள். ஆச்சிக்குப் பிடித்தது இன்னதென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் அரிமளம் போய்ச் சொல்லுங்கள். முத்தையா இலையைப் போட்டுவிட்டு, என்ன வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.