இந்த வாரம் ஒன்றுமில்லை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்து வெளியிலிருந்து "பொறுமை, பொறுமை" என்று கத்திக் கத்தியே அந்த மெக்கானிக்குக்குப் பொறுமை என்று பெயர் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருட வேலை. அதில் பதினொரு நாள் அவரை ஒரு நாலு மாடிக் கட்டிடம் பைத்தியமாக்கியது. தினமும் மாலை நாலு மணிக்கு, மேல்மாடியில் லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடிக்கும். ஐந்தரைக்குத் தானே சரியாகிவிடும். மோட்டார், மின்சுற்றுப் பலகை, வயர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் டீக்கடையில் புலம்பியபோது, கூட வேலை பார்க்கும், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"யோவ், மேற்கு ஜன்னல் வெயில் கதவு சென்சார்ல அடிக்குது. யாரோ குறுக்க நிக்கறாங்கன்னு அது நெனச்சுக்குது. ஒரு திரை போடு, போதும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி நானும் உன்னை மாதிரியே முட்டிக்கிட்டேன்."

இரண்டு வருடமாக அந்தப் பதில் ஒல்லியின் தலைக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. அலுவலகத்தின் பின்புறம், உதிரிபாகம் வைக்கும் அறை. உட்கார வயர் சுற்றிய உருளைகள். ஏழெட்டுப் பேர். ஒரே ஒரு விதி: யார் பேசினாலும் முதலில் தன் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். பெருமையடிக்க வந்தவர்கள் இரண்டு வாரத்தில் கழன்றுகொண்டார்கள்.

"ஒப்பாரிக்குக் கிளம்பியாச்சா?" என்பாள் மனைவி, சனிக்கிழமை அவர் சட்டை மாற்றும்போது. "வீட்டுல ஒரு தப்பையும் ஒத்துக்காத மனுஷன், ஊரைக் கூட்டி ஒத்துக்கறாரு!"

ஏழாவது மாதத்தில் ஒல்லி ஒரு விஷயத்தைச் சொன்னான். கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. சோதிக்கும்போது மட்டும் ஒரு துண்டு வயரைக் கதவுப் பூட்டின் இரு முனையிலும் சேர்த்து அந்தக் காவலை ஏமாற்றுவார்கள். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒல்லி எடுக்க மறந்திருந்தான். ஒரு குடியிருப்பில் இரண்டு நாள், கதவு திறந்தபடியே லிஃப்ட் ஏறி இறங்கியிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நினைவு வந்து அவனே ஓடிப்போய் எடுத்தான்.

பிறகு ஒருவர் மெல்ல, "எனக்கும் ஒருதரம்" என்றார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் பொறுமையே. வருடக்கணக்காக ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நடந்ததாக நினைத்து விழுங்கியிருந்தார்கள்.

அன்றைக்கே ஒரு வழி பிறந்தது. அந்த வயரில் வண்டிச் சாவியைக் கட்டிவிடுவது. வயரை எடுக்காமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. அதற்குப் பின் ஒன்றரை வருடம் அந்தத் தப்பு ஒருமுறைகூட நடக்கவில்லை.

பொறுமை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவந்தார். சொன்னவர் பெயர், தேதி, கட்டிடம். இவ்வளவு துணிந்து சொன்னவனுக்குப் பெயராவது நிற்கட்டும் என்று நினைத்தார். மேலாளர் வந்து, "எல்லாக் கிளையிலயும் இந்த மாதிரி தொடங்கணும்னு மேல சொல்றாங்க, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றபோது, புதிதாக அட்டை போட்டுக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் ஒல்லிக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. 'தாங்களே ஒப்புக்கொண்டபடி' என்று அது தொடங்கியது.

"அது கத்துக்கறதுக்கு எழுதினது சார்" என்று பொறுமை மேலாளர் முன்னால் நின்றார்.

"எனக்குப் புரியுது. ஆனா படிச்சிட்டுப் படிக்காத மாதிரி நான் எப்படி இருக்க முடியும்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சும் சும்மா இருந்தியான்னு என்னைத்தான கேப்பாங்க?"

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று பொறுமையால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலாளர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

சில வாரம் கழித்து வீட்டுக்குத் தேடிப் போனபோது, ஒல்லி கதவைத் திறந்து, அவரை உட்காரச் சொன்னான். அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

"கூட்டம் நடக்குதா?"

"நடக்குது. ஏ.சி. ஹாலுக்கு மாத்திட்டாங்க. கையெழுத்து வாங்கறாங்க."

"யாராச்சும் பேசறாங்களா?"

"பிஸ்கட் பத்திப் பேசறாங்க."

ஒல்லி சிரித்தான். பொறுமை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "விடுப்பா. உன் கையெழுத்து நல்லா இருந்ததுன்னு மேலாளரே சொன்னாரு" என்றான். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

ஹாலில் இப்போது முப்பது பேர். சுவரில் 'கற்றல் வட்டம்' என்று பலகை. மேலாளர் வரிசையாகக் கேட்பார், ஒவ்வொருவரும் எழுந்து "இந்த வாரம் ஒன்றுமில்லை" என்பார்கள். முப்பது லிஃப்ட் மெக்கானிக்குகள், வாரம் முழுக்க ஒரு பிசகும் இல்லாமல்! கேட்டால் கடவுளுக்கே பொறாமை வரும். பொறுமையும் எழுந்து அதையே சொன்னார். அறிவு எப்படி வளர்கிறது என்று யார் யாரோ விளக்குகிறார்கள். அது சாவதற்கு இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு போதும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் தெரிந்துகொண்டார்.

ஒரு சனிக்கிழமை, வேறு நிறுவனத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பெண் மெக்கானிக் எழுந்தாள். பழைய கூட்டத்தைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு ஆசையாக வந்தவள்.

"சார், செவ்வாய்க்கிழமை நான் ஒரு தப்பு..."

மேலாளரின் பேனா தாளைத் தொட்டது.

"உக்காரும்மா" என்றது பொறுமையின் குரல். அவருக்கே அது யாருடைய குரல் போலவோ இருந்தது. "அதெல்லாம் தப்பே இல்ல. நான்தான் அன்னைக்கே பாத்துச் சொன்னேனே. உனக்கு இந்த வாரம் ஒண்ணுமில்ல."

அவள் அவரைப் பார்த்தாள். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் ஓடிப் பிடித்தார்.

"அம்மா, நில்லு. உன் வேலைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். இப்ப யாரும் இல்ல. என்ன தப்பும்மா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"எந்தக் கட்டிடம்னாவது சொல்லு."

"சும்மா ஏதோ ஞாபகத்துல சொல்ல வந்துட்டேண்ணே. நீங்களே சொல்லிட்டீங்களே, ஒண்ணுமில்லன்னு." படியிறங்கிப் போய்விட்டாள். வந்து ஒரு மாதத்தில் அவள் இங்கே கற்றுக்கொண்ட பாடம் அது. கற்றுக்கொடுத்தவர் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

பணிப்பதிவைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை அவள் ஐந்து கட்டிடங்களுக்குப் போயிருந்தாள். மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கிளம்பி, முதல் கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி டார்ச்சை அடித்தார். கயிறு, கப்பி, பூட்டு, பிரேக், நூறு திருகுகள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. எதைத் தேட வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

கீழே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "லிஃப்ட் எப்பங்க வரும்?" என்று குரல் கொடுத்தார்கள்.