தப்பு இருந்தால்தான் நம்புவார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் பவித்ரா - ஒன்பதாம் வகுப்பு - லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டுமாம். அவர்கள் சந்துக்கு ஒரே குழாய். தண்ணீர் பிடிக்க எந்த வீட்டுக்கு எப்போது முறை என்று சொல்லும் ப்ரோக்ராம்.

எனக்குச் சந்தேக புத்தி. உங்களுக்குத்தான் தெரியுமே... ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியிருப்பாள் என்று நினைத்து, டீ குடிக்கிற சாக்கில் பின்னால் போய் நின்றேன். இல்லை. ஒவ்வொரு வரியையும் அவளே யோசித்து யோசித்து அடித்தாள். ஓட்டிப் பார்த்தாள். எல்லா வீடும் வரிசையாக வந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

பாராட்ட வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு வரிகளை மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். முதல் வீட்டுக்கு இரண்டு முறை தண்ணீர். கடைசி வீட்டுக்குச் சொட்டுகூட இல்லை!

"ஏட்டி, நல்லா ஓடுனதை ஏன் கெடுக்கே?"

"சரியா இருந்தா டீச்சர் நம்ப மாட்டாங்க மாமா. போன தடவை ஏ.ஐ. எழுதுனதுன்னு ஜீரோ போட்டுட்டாங்க."

"நான்தான் எழுதுனேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதீங்கன்னுட்டாங்க. எங்க கிளாஸ் ஷ்ரத்தாவுக்கு மட்டும் நல்ல மார்க். அவ ஏ.ஐ.கிட்டயே 'ரெண்டு தப்பு போட்டுக் குடு'ன்னு கேட்டு வாங்கிட்டா."

அடிப்பாவி! ஏமாற்றியவளுக்கு மார்க், உழைத்தவளுக்கு முட்டை. இந்த முறையும் முட்டை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கச் சொல்லிவிடுவார்களாம். இவளுக்கோ அந்தப் பாடம் என்றால் உயிர்.

டீச்சரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஒரே லேப், வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து 'இந்த வரி எதற்கு?' என்று கேட்க நேரம் ஏது? ஆனால்... அதைக்கூடக் கேட்காமல் என்ன கம்ப்யூட்டர் பாடம்? சந்தேகப்பட ஒரு நிமிடம் போதும். என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டையும் சரி பண்ணு. ஜீரோ போட்டா நானே ஸ்கூலுக்கு வந்து பேசுதேன்."

"பக்கா வருவீங்களா?" ஏற இறங்கப் பார்த்தாள்.

"பக்கா."

ஒரு தப்பைத் திருத்தினாள். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"இன்னொண்ணு?"

"அது இருக்கட்டும் மாமா... சேஃப்டிக்கு."