தூரத்தில் நின்ற மான்

என் கணவருக்குக் கியூபெக்கின் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை. அவருடைய குழுவில் ஒரு கியூபெக் பெண் இருந்தாள். ஐம்பது வயது, தனி ஆள். பாரமான பெட்டியையும் ஒரே வீச்சில் ஏற்றிவிடுவாள் என்று இவர்தான் வந்து சொல்வார். நவம்பர் மாதத்தில் அவள் வடக்கே, தன் தம்பியின் காணிக்கு மான் வேட்டைக்குப் போவது வழக்கம். ஒருமுறை இவரையும் கூப்பிட்டாள். போய் வந்த மனுஷன் ஒரு கிழமையாக வேறெதையும் கதைக்கவில்லை.

"காத்து எந்தப் பக்கமெண்டு பாத்து, குனிஞ்சு குனிஞ்சு முப்பது மீற்றர் கிட்டப் போயிட்டம். மான் புல்லுக் கடிக்கிற சத்தம் கேக்குது. நாங்கள் ரெண்டு பேரும் மூச்சுக்கூட விடேல்லை."

"அவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள்?"

"வேட்டையில ஆரும் கதைப்பினமே? ஒண்டும் கதைக்கேல்லை."

அவர்கள் கதைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. வீட்டில் என் பக்கத்தில் இருந்து ஒரு தேத்தண்ணியை அமைதியாகக் குடிக்கத் தெரியாத மனுஷன், போனை நோண்டுவார், கதவைத் திறந்து மூடுவார். அப்படிப்பட்டவர் அவளோடு மட்டும் ஈரப் புல்லில் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறார். அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் நானும் துவக்குப் பழகினேன். வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், லைசென்ஸ் எடுத்தேன். "உமக்கென்ன விசரோ?" என்று கேட்டார். சுடுமைதானத்தில் எனக்கே தெரியாத ஒன்று தெரியவந்தது. தூரம் கூடக் கூட என் கை நிதானமானது. முந்நூறு மீற்றரில் இருந்த இலக்குக் கடதாசியில் என் வெடிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல விழுந்தன. அவள் நூறு மீற்றருக்கு அப்பால் சுடுவதே இல்லை என்று இவர் சொல்லியிருந்தார். அவளால் முடியாத ஒன்று என்னால் முடிகிறது. அந்தச் சந்தோஷத்தோடுதான் நவம்பரில் மூன்றாவது ஆளாக அவளுடைய பிக்கப்பில் ஏறினேன்.

அவளுடைய தம்பியின் காட்டு வீட்டில் காலைக் கோப்பி குடிக்கும்போதே எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் என் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"கடதாசி நடக்காது. குண்டு போய்ச் சேருவதற்குள் மான் ஒரு அடி வைத்தால் வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் ஒரு நாள் முழுக்கக் கிடந்து சாகும்" என்றாள்.

"கிட்டப் போனால் மட்டும்? உன் மணம் பட்டு, பயந்து நடுங்கிக்கொண்டு சாகும். தூரத்திலிருந்து சுட்டால், தன்னைக் கொல்ல ஒருத்தர் இருக்கிறார் என்றே அதற்குத் தெரியாது. அதுதானே இரக்கம்?"

"கிட்டப் போனால் என் குறி தப்பாது. தப்பும் என்று தோன்றினால் சுடாமல் திரும்பிவிடுவேன். தூரத்திலிருந்து அது உனக்குத் தெரியாது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "அவ சொல்லுறதிலை ஞாயம் இருக்கு" என்றார் இவர், தமிழில். என் பாஷையில், அவளுக்காக. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அன்று அவள் காட்டோரமாகத் தன் பாட்டில் போக, நானும் இவரும் அறுத்து முடிந்த சோள வயலின் கரையில், வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் அங்கியோடு குப்புறப் படுத்திருந்தோம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் வயலின் மறுகரையில் கொம்பு வைத்த மானொன்று வந்து நின்றது. பின்னால், குண்டைத் தாங்க மண்மேடு. தூரம் பார்க்கும் கருவி இருநூற்று அறுபது என்று காட்டியது.

"விட்டிடும், தூரம் கூடிப்போச்சு" என்றார்.

அவள் குரலே இவர் வாயால் வருவதுபோல இருந்தது. சுட்டேன்.

மான் துள்ளிக் காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. பட்டதா இல்லையா, தெரியவில்லை. நடந்து மறுகரைக்குப் போனபோது, அது எந்த இடத்தில் நின்றது என்றே எனக்குப் பிடிபடவில்லை. தூரத்திலிருந்து ஒரு புள்ளியாகத் தெரிந்த இடம், கிட்டப் போனால் ஒரே மாதிரியான சோளக்கட்டைகள்.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். ஏன் சுட்டாய் என்று கேட்கவில்லை. நான் படுத்திருந்த இடத்துக்கு இவரை அனுப்பி, அங்கிருந்து கையால் இடம், வலம் காட்டச் சொன்னாள். பிறகு முழங்காலிட்டு, கட்டை கட்டையாகத் தேடினாள். கொஞ்சம் வெள்ளை மயிர் அகப்பட்டது, என் கையில் வைத்தாள். "இது அடிவயிற்று மயிர், குண்டு கீழே போயிருக்கிறது. வயிறோ, வெறும் தோலோ தெரியாது. தேடத்தான் வேண்டும்."

பொழுது சாயும் வரை நானும் அவளும் காட்டுக்குள் தேடினோம், இவர் வயற்கரையில் காத்திருந்தார். ஒரு குளம்படி கண்டால் அவள் கையை உயர்த்துவாள், நான் நிற்பேன். ஒரு இலையைத் திருப்புவாள், நான் அடுத்ததைத் திருப்புவேன். ஒரு சொல் இல்லை. இதைத்தானா இந்த மனுஷன் அனுபவித்தார் என்று நினைக்க, ஆத்திரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

அடுத்த நாள் காலையும் போனோம். இவர் இடுப்பு வலி என்று படுத்துவிட்டார். ஓடைக்கரையில் களைத்துப்போய் உட்கார்ந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "என் கணவரும் நீயும் இப்படித்தான் போனீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கினாள். "அவரா? அவர் மூச்சு விட்டாலே மான் ஓடிவிடும். கோப்பித் தேர்மோஸைக் கையில் கொடுத்து ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு நான் தனியாகத்தான் போனேன். வந்து கதை சொன்னேன். கவனமாகக் கேட்டார், பாவம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நடக்காத ஒன்றுக்காக ஒரு வருஷம் வெந்திருக்கிறேன். பாவம், அவரும் அவளைப்போல் நடக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "அண்டங்காகம் ஒன்றும் வரவில்லை. செத்துக் கிடந்தால் இதற்குள் கூடியிருக்கும். தோலைத்தான் உரசியிருக்கும் என்று நினைக்கிறேன்." நிச்சயமாகச் சொல்ல அவளாலும் முடியவில்லை. அந்த மான் என்னவானது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நூறு மீற்றருக்கு அப்பால் நான் சுட்டதில்லை. அவளிடம் தோற்றுப்போனேன் என்று சொல்ல இன்னும் மனமில்லை. ஆனால் அந்த வெள்ளை மயிர் கையில் கிடந்ததை மறக்க முடியவில்லை. இவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. முப்பது மீற்றர்க் கதையை ஆட்கள் வந்தால் இப்போதும் சொல்வார், நான் பலகாரம் எடுத்து வைப்பேன்.

அடுத்த இரண்டு நவம்பரும் நானும் அவளும் மட்டும் காட்டுக்குள் போனோம். போன வருஷம் அவள் தன் தம்பியின் மகளையும் கூட்டிவந்தாள். நல்ல பிள்ளை, காலடிச் சத்தமே இல்லை. இரண்டு பேரும் குனிந்து மரங்களுக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நான் பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்றேன். பழைய அதே எரிச்சல். இந்தமுறை அது இவருக்காக இல்லை.