துருத்திக்கு வைத்த பொட்டு

ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் ஊரில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. அங்கே ஒரு குழாய் ஆர்கன் உண்டு. மலைப்பாதை போடாத காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அதைக் குழாய் குழாயாகக் கழற்றி, மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து மேலே ஏற்றியவர்களில் என் அப்பாவின் தாத்தாவும் ஒருவர். ஆர்கனைக் கொடுத்த சீமாட்டியின் பெயரும், வரவழைத்த வெள்ளைக்காரச் சாமியாரின் பெயரும் வாசல் கல்வெட்டில் இருக்கின்றன. சுமந்தவர்கள் பெயர் இல்லை. கல்லில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்த ஆர்கன் பாட வேண்டுமென்றால் பின்னால் ஒருவர் துருத்தி அடிக்க வேண்டும். அது என் அப்பா. முன்னால் கோயில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கட்டைகளை அமுக்குவார். தட்டிக்குப் பின்னால் அப்பா நீளமான மரப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்று கொடுப்பார். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. ஆனால் அந்தப் பிடிதான் எங்களுக்குச் சோறு போட்டது. பூசை முடிந்ததும் எல்லோரும் டீச்சரம்மாவைத்தான் புகழ்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நாலாவது படித்தபோது வந்த ஆயுத பூஜையில், வீட்டில் அரிவாள், கடப்பாரை, களைக்கொத்து, அம்மாவின் முறம் வரைக்கும் பொட்டு வைத்தோம். துருத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை. அநியாயமாகப் பட்டது. மதியம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். மரப்பிடிக்கும் துருத்தித் தோலுக்கும் கை எட்டிய குழாய்களுக்கும் பொட்டு வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அப்போது கோயிலில் இருந்த சாமியார் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாப்பா இது? பொட்டு வெக்க இது இன்னா உன் வூட்டு அரிவாளா?"

அப்பா குழாய்களைப் பார்த்தார். பொட்டுகள் இருந்த உயரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தாங்க சாமி வெச்சேன். புத்தி கெட்டுப்போய் செஞ்சிட்டேன்."

"இனிமே நீ வர வேணாம்."

ஈரத்துணியால் ஒவ்வொரு குழாயாகத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். வழியெல்லாம் அழுதேன். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்மா வா பாப்பா. நீ அவங்க இஸ்கூல்ல படிக்கிறவ. சொன்னா உன்னயும் வெளிய அனுப்பிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வழக்கம்போலப் பாடியது. தட்டிக்குப் பின்னால் ஒரு மின்சார மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அப்பா ஆலங்காயத்துக்கு மூட்டை தூக்கப் போனார். இடுப்பு விட்டுப்போகும்வரை தூக்கினார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம் என் பொட்டுதான் அவர் பிழைப்பைக் கெடுத்தது என்று எனக்கு உள்ளுக்குள் வேகும்.

சென்னையில் சொல்லிவைத்து, செய்து, லாரியில் ஏற்றிவிட வேண்டிய மோட்டார் அது. வியாழக்கிழமை அப்பாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மலைக்குக் கொண்டுவந்து மாட்டிவிட முடியாது, எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்கிறார்கள் என்பது, நாலாவது படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?