உள்வீதி சுற்றிய பஸ்கள்

1. கேடயம் வந்த வருடம்

எங்கள் டிப்போவுக்குக் கேடயம் கிடைத்த வருடம்தான் எங்கள் பஸ்கள் மிக மோசமாக ஓடிய வருடம். அது எப்படி என்று கேட்பவர்களுக்காகவும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். கொம்பனியின் பெயரும் டிப்போவின் பெயரும் வேண்டாம். வம்பு வளர்க்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், பொதுப் பஸ் கொம்பனி ஒன்றின் டிப்போவில் நான் ரைம்கீப்பராக இருந்தேன். விடிய ஐந்து மணிக்குக் கேட்டடியில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால், எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எந்த வழித்தடத்துக்குப் போனது, றைவர் யார், கொண்டக்ரர் யார் என்று பதிவேட்டில் எழுதுவேன். ஏழு மணிக்குப் பிராந்திய அலுவலகத்திலிருந்து போன் வரும். இன்றைக்கு எத்தனை பஸ் வெளியே என்று கேட்பார்கள். நான் சொல்லும் இலக்கம்தான் அன்றைக்கு டிப்போவின் மானம். ஒரு வருடத்து இலக்கங்களைக் கூட்டி, ஓடிய கிலோமீற்றரையும் ஏறிய பயணிகளையும் சேர்த்தால் வருடாந்தச் செயற்திறன் அறிக்கை. என் எழுத்து வடிவாக இருக்கும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்த பாவத்துக்கு, கணினி வந்த பிறகும் அந்த அறிக்கையைத் தயாரிக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது.

ஒரு நாள் காலை, பழைய பஸ் ஒன்று கேட்டைத் தாண்டிச் சந்திவரை போய், புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. றைவர் செல்வராசா அதை எப்படியோ உருட்டித் திருப்பிக்கொண்டு வந்து வேர்க்ஷொப்பில் விட்டார். நான் அதை ஏற்கனவே வெளியே போனதாக எழுதிவிட்டேன். வெட்டலாம் என்று பேனையை எடுக்க, மனேச்சர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, கேட்டைத் தாண்டிப் போனது போனதுதானே. திரும்பி வந்ததை அவை கேக்கேல்லை" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஓட முடியாத பஸ்ஸைக்கூட எப்படியாவது ஸ்ரார்ட் பண்ணி முன்கேட்டால் வெளியே விடுவோம். அது சந்தியைச் சுற்றி, பின்பக்கத்து வேர்க்ஷொப் கேட் வழியாக உள்ளே வந்துவிடும். மீற்றர் வேலை செய்கிற பஸ் எங்களிடம் ஒன்றிரண்டுதான் இருந்தது. அதனால் வழித்தடத்தின் தூரத்தையே ஓடிய தூரமாக எழுதுவது வழக்கம். அதுவும் வசதியாகப் போயிற்று. திருவிழாவில் சில நாட்களுக்குச் சுவாமி வெளியே வராமல் கோயிலுக்குள் இருக்கிற உள்வீதியை மட்டும் சுற்றுமல்லவா, அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் இந்த பஸ்களுக்கு உள்வீதி பஸ் என்று பேர் வைத்தார்கள். காலையில் வந்ததும் இன்றைக்கு எத்தனை உள்வீதி என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அந்த வருடம் பிராந்தியத்திலேயே அதிக பஸ்களை வெளியே அனுப்பிய டிப்போ நாங்கள்தான் என்று கேடயம் தந்தார்கள். பற்றிஸும் சோடாவும் கொடுத்துக் கொண்டாடினோம்.

2. கொப்பியில் ஓடுகிற பஸ்

காங்கேசன்துறைக்குக் கிழக்கே, படையினரிடமிருந்து காணிகள் விடுபட்டு ஆட்கள் திரும்பி வந்த ஒரு கரையோர ஊர் இருக்கிறது. வீடுகள் குறைவு. அதனால் தனியார் பஸ்காரர் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. விடிய அங்கிருந்து அச்சுவேலிக்குப் போக எங்கள் பஸ் ஒன்றுதான். ஆள் குறைந்த வழித்தடம் என்பதால் மிக நோஞ்சான் பஸ்ஸைத்தான் அதற்குப் போடுவோம். அப்படியானால் உள்வீதி சுற்றுவது பெரும்பாலும் எது என்று நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

கேடயம் வந்து இரண்டு மாதமிருக்கும். ஒரு பெண் நேரே என் மேசைக்கு வந்தார். பெயர் றெஜினா. நாற்பது வயதிருக்கும். அச்சுவேலியில் தையல் வேலை. கணவர் கடலுக்குப் போகிறவர். அந்தக் கிழமை மூன்று நாள் பஸ் வரவில்லை என்றும், பிந்தி வருவதற்காக வேலைத்தலத்தில் இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை தந்துவிட்டார்கள் என்றும், இன்னொரு முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் ஆறுதலாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சத்தம் போடுகிறவர்களை எப்படி அனுப்புவது என்பது எனக்குத் தெரியும்.

நான் பதிவேட்டைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். மூன்று நாளும் ஐந்து பத்துக்குப் போயிருக்கிறதே, தங்கச்சி, நீங்கள் தரிப்பிடத்துக்குப் பிந்தி வந்திருப்பீர்கள் என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. செல்வராசா பக்கத்தில்தான் நின்றார். அந்த மூன்று நாளும் அந்த பஸ்ஸின் றைவர் அவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

றெஜினா பதிவேட்டைக் கவனமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்ப உங்கடை கொப்பியிலை ஓடுற பஸ்ஸிலை என்னை ஏத்தி விடுங்கோ, ஐயா. நான் வேலைக்குப் போகவேணும்."

அடுத்த நாளிலிருந்து நல்ல பஸ் ஒன்றை அந்த வழித்தடத்துக்குப் போட்டேன். இரண்டு கிழமை ஒழுங்காக ஓடியது. பிறகு நகரத்துக்குப் போகிற, சனம் நெரிகிற வழித்தடத்தில் ஒரு பஸ் படுத்துவிட, நல்லதை எடுத்து அங்கே போட்டோம். கரையோரம் பழையபடி உள்வீதிக்குத் திரும்பியது. றெஜினா மறுபடி வரவில்லை. அவர் வராததை நான் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

3. எழுதாத வரி

கேடயம் வாங்கிய அறிக்கையின் கடைசிப் பகுதி, வளர்ச்சி வாய்ப்புகள். புதிய பஸ்கள் தந்தால் கரையோர ஊர்களுக்குச் சேவையை விரிவாக்கலாம் என்று அதில் நானே அழகாக எழுதியிருந்தேன். வருடக் கடைசியில்தான் பிராந்திய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. உங்கள் டிப்போவில் ஏறக்குறைய எல்லா பஸ்களும் ஓடுகின்றன, ஆகவே புதியவை குறைபாடுள்ள டிப்போக்களுக்குப் போகின்றன என்று இருந்தது. வேர்க்ஷொப் போர்மன் கேட்டிருந்த எஞ்சின்களுக்கும் அதே பதில். சுகமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மருந்து கேட்ட கதைதான்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. கரையோர வழித்தடத்தில் தினமும் பஸ் ஓடியும் பயணிகள் மிகக் குறைவாக உள்ளனர், எனவே அடுத்த வருடம் அதை நிறுத்துவது பற்றி இந்த வருட அறிக்கையில் பரிந்துரை செய்யவும்.

இதை நான் இரண்டு முறை வாசித்தேன். ஓடாத பஸ்ஸில் யார் ஏறுவது? நாங்கள் கிலோமீற்றரைப் பொய்யாக எழுதினோம், பயணிகளைப் பொய்யாக எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு வெறும் பஸ் ஓடுவதுபோலத்தான் தெரியும். ஒரு ஊரே எங்களுக்கு பஸ் வேண்டாம் என்று சொல்லுவதுபோல என் எழுத்து சொல்லியிருந்தது.

மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, பயணிகள் இன்மையால் நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் வன்னியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆட்களின் லீவுக்கும் நன்மை தீமைக்கும் ஓடித் திரிகிறவர். நான் அந்த வரியை எழுதமாட்டேன் என்றேன். காரணத்தையும், றெஜினா வந்த கதையையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணை, நீங்கள் மூண்டு மாசத்திலை பென்சனிலை போயிடுவியள். கேடயம் பொய் எண்டு தெரிஞ்சா இஞ்சை நிக்கிற ஆக்களுக்கு அதோடை வாற கொடுப்பனவும் நிண்டுபோகும். அவைக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அதைக் கேட்டும் நான் எழுந்து போய் உண்மைக் கணக்கை எடுக்கத் தொடங்கினேன். வேர்க்ஷொப்பில் எந்த பஸ் எந்த நாளில் படுத்துக் கிடந்தது என்பதற்குத் தனிப் பதிவு உண்டு. அது பொய் சொல்லாது, ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. அதையும் என் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, செல்வராசாவும் நானும் பல பின்னேரங்கள் இருந்து பார்த்தோம். பல பக்கங்களில் அவருடைய பெயர் வந்தது.

"அண்ணை, என்ரை பேரும் வெளியிலை வரும் என்ன?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன்.

அவர் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "சரி, எழுதுங்கோ. அந்தச் சந்தியைச் சுத்திச் சுத்தி எனக்கும் விசர் பிடிக்கப் பாக்குது."

மனேச்சர் அறிக்கையை முழுக்க வாசித்தார். கையெழுத்து வைக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். நீங்களே வாசியுங்கள் என்றார்.

4. கூட்டம்

வருடாந்த மீளாய்வுக் கூட்டம் நகரத்தில் நடந்தது. ஒவ்வொரு டிப்போவும் எழுந்து, போன வருடத்தைவிட எவ்வளவு கூடியது என்று சொல்லி உட்கார்ந்தது. எல்லாருக்கும் கூடித்தான் இருந்தது. எங்கள் முறை வந்தபோது மனேச்சருக்குப் பதிலாக நான் எழுந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருசம் முதலாவதா வந்த டிப்போ இந்த வருசம் கடைசி. ஒரு வருசத்துக்குள்ளை உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை, சேர். போன வருசமும் இவ்வளவுதான் ஓடினது."

மற்ற டிப்போ மனேச்சர்மார் தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மனேச்சர் மெதுவாக எழுந்து, அவர் சொல்வது சரி, எனக்கும் தெரியும் என்றார். அவர் அப்படி எழுந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் அந்த மனிதரில் எனக்கு மரியாதை உண்டு. தேத்தண்ணி நேரத்தில் வேறொரு டிப்போவைச் சேர்ந்தவர் பக்கத்தில் வந்து, "உது எங்களிட்டையும் இருக்கு" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

பிறகு வந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னிடமும் மனேச்சரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என் பென்சன் தாள்கள் சில மாதம் மேசை மேசையாக அலைந்தன. கேடயத்தை ஒருவர் வந்து பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஆட்களுக்கு அந்த வருடக் கொடுப்பனவு நின்றது. என் பிரியாவிடைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து ஒரு வாங்குகூட நிறையவில்லை. நீங்கள் நல்ல பேரோடு போகிறீர்கள், நாங்கள் வெறுங்கையோடு நிற்கிறோம் என்று ஒரு கொண்டக்ரர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரிலும் பிழையில்லை. பொய்யைச் சொன்னபோது அவரைக் கேட்டு நான் சொல்லவில்லை, மெய்யைச் சொன்னபோதும் கேட்கவில்லை.

ஆனால் கூட்டம் முடிந்து ஐந்தாறு மாதத்தில் எஞ்சின்கள் வந்தன. பிறகு இரண்டு பஸ்கள் வந்தன. புதியவை அல்ல, ஆனால் நெஞ்சுரம் உள்ளவை. கரையோர வழித்தடத்தை நிறுத்தவில்லை. வந்த இரண்டில் ஒன்றை அதற்கே போட்டார்கள். குறையைக் காட்டினால்தான் வளர இடம் உண்டு என்பதை அந்தக் கொம்பனியில் முப்பது வருடம் இருந்து, வெளியே வந்த பிறகுதான் கண்ணால் கண்டேன்.

இப்போது பஸ்களில் ஜீபீஎஸ் பூட்டுகிறார்கள், இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார்கள். நல்லது. ஆனால் இலக்கத்தைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறவரை, எந்தக் கருவிக்கும் எங்கள் ஆட்கள் ஒரு உள்வீதி கண்டுபிடிப்பார்கள்.

5. கரையில்

பென்சன் சரிவந்த கிழமை, அந்தக் கரையோர பஸ்ஸில் ஏறினேன். செல்வராசாதான் றைவர். நேரத்துக்கு வெளிக்கிட்டு நேரத்துக்குப் போனோம். அச்சுவேலிக்குப் போக ஊரில் பன்னிரண்டு பேர் தரிப்பிடத்தில் நின்றார்கள். எண்ணுகிற பழக்கம் போகவில்லை. அவர்களில் றெஜினா இல்லை.

தேவாலயத்தடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வளவில் வலையை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் யாரென்று மட்டுக்கட்டினார். கதிரை கொண்டுவந்து போட்டுத் தேத்தண்ணி தந்தார். பஸ் இப்போது ஒழுங்காக வருவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதில்தான் வேலைக்குப் போகிறதாம். உங்கள் வேலை என்று கேட்டேன். மூன்றாவது எச்சரிக்கையோடு அது போய்விட்டது என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன மாதத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நல்ல பஸ்ஸை நான் நகரத்துக்கு மாற்றிய மாதம் அது.

அதன் பிறகு ஒன்றையும் ஒளிக்க மனம் வரவில்லை. கேட்டடியிலிருந்து கூட்டம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் எழுந்து நின்ற கதையைச் சொல்லும்போது, உண்மையைச் சொன்னால், ஒரு நல்ல வார்த்தை அவரிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

"நான் வந்த அண்டைக்கே உதை எழுதியிருந்தா, ஐயா, நான் இப்பவும் அந்த வேலையிலை இருந்திருப்பன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே நினைவுபடுத்தி, தரிப்பிடம் வரை வந்து விட்டார்.

என் வேலையைச் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேறொன்றுமில்லை. பிந்திய றைவர்மாரை எல்லாம் சிவப்பு மையால் குறித்து வைத்தவன் நான். றெஜினாவுக்கு நான்தான் பிந்திவிட்டேன். பஸ் போகாத அன்றைக்கே போகவில்லை என்று எழுதுங்கள்.