விற்கிற அன்றைக்கு எழும்பாத கார்

அந்தக் காரை விற்கிறது என்று என் கணவர் முடிவெடுத்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. உப்புக் காற்று இரும்புக் கேற்றையே தின்கிறது, காரை விடுமா? "உக்கின சாமான். கேக்கிற ஆளுக்குக் குடுத்திடுவம்" என்றார். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். அந்தக் கார் வந்த பிறகுதான் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்குகிற சீவியம் முடிந்தது. தனியே இருந்து, சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு போவேன். அதை எப்படி விடுவது?

சனிக்கிழமை காலை கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணர், எங்கள் வாயில் 'நானா', காரை வாங்க வந்தார். காரிலேயே திரும்புகிற நம்பிக்கையில் பஸ்ஸில் வந்திருந்தார். முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். கணவர் பெருமையாகச் சாவியைத் திருப்பினார். "டிக்" என்றது, அவ்வளவுதான்.

"பாத்தீரோ? செத்துப்போச்சு" என்று என்னை முறைத்தார், ஏதோ நான் கொன்றதுபோல.

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஓடின கார். நான் எழுப்பினால் விக்கக் கூடாது. சரியோ?"

"எழுப்பும் பாப்பம்!"

"நான் சாட்சி" என்றார் நானா.

முன் லைற்றைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். பற்றரி களைத்திருந்தால் வெளிச்சம் மங்கும். எஞ்சினைச் சுழற்றுகிற ஸ்ராட்டர் மின்சாரத்தை இழுத்தாலும் மங்கும். மங்கவே இல்லை. அப்படியென்றால் பற்றரியில் பலம் இருக்கிறது, ஸ்ராட்டருக்குப் போய்த் திரும்பத்தான் வழியில்லை. போகிற வயர் இறுக்கமாக இருந்தது. திரும்புகிற வழி? டிக்கியில் கிடந்த ஜம்பர் வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் மைனஸ் பக்கம் மாட்டி, மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டேன்.

"இப்ப திருப்புங்கோ."

கார் உறுமிக்கொண்டு எழும்பியது. நான் துள்ளியே விட்டேன்.

எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கிற ஏர்த் வயரைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ற். பெயின்ற் மின்சாரத்தை விடுமா?

"இது ஆர் அடிச்சது?"

கணவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். "வாங்க வாறவருக்குக் இரும்பில கறள் பிடிச்சது தெரியக் கூடாதெண்டு... ராத்திரி வயரைக் கழட்டி, வடிவா அடிச்சுப் பூட்டினனான்."

அட கடவுளே! நானாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அந்த இடத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, வயரை இறுக்கிப் பூட்டினேன். ஜம்பர் வயர் இல்லாமலே எழும்பியது.

வந்த மனிதரைப் பஸ்ஸுக்கு அனுப்ப மனம் வரவில்லை. நான் ஓட்ட, நானா முன்னுக்கு, கணவர் பின் சீற்றில். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது நானா டாஷ்போர்ட்டைத் தடவினார். "தங்கச்சி, வெலய இன்னும் கூட்டித் தாறன். யோசிச்சுப் பாருங்க."

நான் வாய் திறக்க முதல் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலாது நானா. அது அவட கார்."

பாலம் முடியும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன்.