டீமேக்கர் காருக்கு எஞ்சின் ஏற்றிய கதை

எஞ்சினைக் கழற்ற ஒரு காலைப்பொழுது போதும். அதைத் திரும்ப ஏற்றுவதில்தான் மெக்கானிக்கின் பாதி ஆயுள் போகிறது. கிரீஸ் கையோடு சோறு தின்ற என் கூட்டாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாத்தளை டவுனில் நானும் வெல்டிங் சலாம் நானாவும் சேர்ந்து கராஜ் நடத்திய காலத்தில், எங்களை அதிகம் ஆட்டிவைத்தது ஒரே ஒரு கார்.

ஐந்து அங்குலம்

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியைக் கவனித்த டீமேக்கர் ஜெகநாதனின் கார் அது. வெளிநாட்டுக் கார் வருவதே நின்றுபோயிருந்த நேரம். மனுசன் குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு பேர் உட்காரும் சிவப்பு ரேஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார். ஆறு வருச வேலை. பார்க்க அழகுதான். எஞ்சின் மட்டும் இல்லை. வீட்டு விறாந்தையை ஆறு வருசமாக அதற்கு விட்டுக்கொடுத்த அவர் மனைவி பாக்கியம், "அம்மன் தேர்த் திருவிழாவுக்குள்ள இது ஓடணும், இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்கிற ஆளில்லை.

பள்ளத்தில் உருண்ட ஒரு வேனின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் தம்புள்ளையில் தேடிப் பிடித்து வாங்கினார் ஜெகநாதன். அளந்துதான் வாங்கினாராம். ஆனால் முன்னால் காற்றாடியும் ரேடியேட்டரும் வரும் என்பதை அளவில் சேர்க்கவில்லை. சலாம் நானா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. காருதான் நீளத்துல அஞ்சு இஞ்சி கட்டை."

துரையின் கேள்வி

காரின் உள்தகரத்தை வெட்டி எஞ்சினைப் பின்னால் தள்ளுவதென்று முடிவானது. தூக்குவதற்கு? ஃபெக்டரியில் ரோலர் மெசினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஃபெக்டரி மூடியிருக்கும், யாருக்கும் தெரியாது என்றார் ஜெகநாதன்.

எஞ்சின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்துத் துரை நாயோடு வாசலில் வந்து நின்றார். ஜெகநாதன் குடியிருந்தது தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். நான் சங்கிலியை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றேன். துரை காரை இரண்டு தடவை சுற்றிவந்தார். திட்டவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "டீமேக்கர், எல்லாம் சரி. இதுல எது முன்னுக்கு, எது பின்னுக்கு?"

பாக்கியத்தின் முழங்கால்

எஞ்சின் உட்கார்ந்தது, நேராக அல்ல. வலது பக்கம் ஸ்டியரிங் பெட்டி இடித்ததால் எல்லாவற்றையும் இடதுபக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. முடித்துப் பார்த்தால், கியர் கம்பி பக்கத்து சீட்டில் இருப்பவரின் முழங்காலருகே முளைத்து நிற்கிறது. ஜெகநாதன் இரண்டாவது கியருக்கு எட்டிச் சாய்ந்தார். ஸ்டியரிங்கும் கூடவே சாய்ந்தது. கார் தேயிலைக்குள் போய் நின்றது.

பிறகு நான் பக்கத்தில் ஏறினேன். அவர் கிளட்சை மிதித்து எண்ணைச் சொல்ல, நான் போட வேண்டும். அவர் "மூணு" என்றபோது நான் இன்னும் ஒன்றில் இருந்தேன். விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாக்கியம் இறங்கி வந்தார், என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். முதலில் ஒரு தடவை கரகரத்தது. அடுத்த வளைவிலிருந்து, எஞ்சின் சத்தத்தை வைத்தே அவருக்கு நேரம் பிடிபட்டுவிட்டது. ஜெகநாதன் எண் சொல்ல வாயைத் திறந்தார். அந்தம்மா விடவில்லை. "நீங்க ரோட்டப் பாருங்க. கியர நான் பாத்துக்கிறேன்."

இரண்டே சீட்

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாகனம் பரிசோதிக்கும் அதிகாரி மாத்தயா வந்தார். அவர் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும். இருப்பதோ இரண்டு சீட். பாக்கியம் இறங்க வேண்டியதாயிற்று. "ரெண்டாவது கொஞ்சம் முரடுங்க மாத்தயா, பதமா இழுங்க" என்று சொல்லிக்கொடுத்துத்தான் இறங்கினார்.

மேட்டில் ஏறி இறங்கி வந்தவர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கம்பியை ஓட்டுபவர் பக்கம் வளைத்தால் அனுமதி என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது என் காதருகே மட்டும், "வண்டி நல்லம். எனக்குத்தான் ரெண்டாவது சரியா விழல்ல" என்றார்.

மறுபடி வந்த கார்

சலாம் நானா கம்பியைச் சூடாக்கி வளைத்தார். பத்து நிமிச வேலை. தேரன்று சிவப்புக் கார் டவுனுக்கு வந்தது. சனம் தேரை விட்டுவிட்டு இதைப் பார்த்தது. பாக்கியம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஜெகநாதன் தனியாக வந்தார். காரில் ஒரு கோளாறுமில்லை. டயரை ஒரு உதை உதைத்துவிட்டுச் சொன்னார்: "கம்பிய பழையபடி அவ பக்கமே திருப்பிக் குடுங்க தம்பி. சும்மா உக்காந்து வர நான் என்ன கொழுந்து மூட்டையான்னு கேக்குறா. வண்டியில ஏறவே மாட்டேங்கிறா."

சரியாகச் செய்த வேலையை, கேட்டுக்கொண்டதற்காக மறுபடி கெடுத்துக் கொடுத்ததும், அதற்குப் பாக்கியம் கையால் சாப்பாடு கிடைத்ததும் என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.